கிணற்றின் மேல் பதினான்கு நிமிடம்

ஒரு கையெழுத்து வாங்கத்தான் போனேன். நெதர்லாந்தில் நான் வேலை பார்க்கும் நிறுவனம் ஒரு வாரம் விடுப்புக் கொடுத்து, கூடவே ஒரு பழுப்பு உறையையும் கொடுத்தது. உள்ளே நான்கு பக்கப் படிவம். காப்புரிமை விண்ணப்பம் ஒன்றில் பெயர் வரவேண்டிய ஒருவர் இறந்துவிட்டார். அவர் மனைவி கையெழுத்திட்டால்தான் விண்ணப்பம் நகரும். மனைவி இருப்பது ராசிபுரத்துக்குப் பக்கத்தில், வெண்ணந்தூரில். எங்கள் அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "ஒரு நாள் வேலை" என்றார்கள்.

இறந்தவர் பெயர் பழனிவேல். சில ஆண்டுகளுக்கு முன்பு நானும் அவனும் நெதர்லாந்தில் ஒரே பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அடுத்தடுத்த மேசைகளில் இருந்தோம். இதை மேலதிகாரியிடம் சொல்லியிருந்தேன். அதற்கு மேல் எதையும் சொல்லவில்லை.

சேலத்தில் இறங்கியபோது பிற்பகல். நான் தூத்துக்குடிக்காரி. வெயில் எனக்குப் புதிதல்ல. ஆனால் எங்கள் ஊர் வெயிலில் கொஞ்சம் உப்பும் ஈரமும் இருக்கும். இங்கே காற்று அடுப்பிலிருந்து வருவதுபோல் உலர்ந்து வந்தது. எந்தத் தெருவில் நின்றாலும் முடிவில் ஒரு மலை தெரிந்தது. பத்து வருடமாக மலையே இல்லாத நாட்டில் இருப்பவளுக்கு அது கொஞ்சம் மிரட்டலாகத்தான் இருந்தது.

ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு விடுதியில் அறை. மாலையில் பசித்தது. விடுதி வாசலுக்கு எதிரே ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட் துருவலும் காரட்டும் சட்னியும் வைத்து, ஒரே வாயில் போடச் சொன்னார் வண்டிக்கார அம்மா. நான் கடித்துச் சாப்பிட்டேன். பாதி புடவையில் விழுந்தது. "வெளியூருங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "வாயெ நல்லாத் தொறக்கணும். சேலத்துக்காரங்களுக்கு அதுல எல்லாம் வெக்கம் கெடையாது" என்று இன்னொரு செட் வைத்தார். அந்தப் பயணத்தில் நான் கவலையில்லாமல் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

அறைக்குப் போய் சுகந்திக்கு, அதாவது பழனிவேலின் மனைவிக்கு, போன் செய்தேன். அவனுடைய கூட்டாளி என்றும், ஒரு கையெழுத்து வேண்டும் என்றும் சொன்னேன். "வாங்க அக்கா, காத்தால வந்தீங்கன்னா ஊட்லயே சாப்பிட்டுக்கலாம்" என்றாள். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

மறுநாள் காலை தவறான பேருந்தில் ஏறினேன். "ராசிபுரம் போகுமா?" என்று ஓட்டுநரிடம் கேட்டேன். அவர் போனில் யாருக்கோ தலையாட்டிக்கொண்டிருந்தார், எனக்குத்தான் ஆட்டினார் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன். கூட்டத்தில் நீந்தி நடத்துநர் என்னிடம் வந்து சேர்ந்தபோது அயோத்தியாப்பட்டணம் வந்துவிட்டது.

"ராசிபுரமா? இது ஆத்தூர் போவுதும்மா" என்றார். கொஞ்சம் யோசித்தார். "ஆத்தூர் போயி அங்கேருந்தும் ராசிபுரம் போலாம். மத்தியானத்துக்குள்ள போயிடுவீங்க." அதை ஒரு நல்ல யோசனையாகவே சொன்னார். பக்கத்து இருக்கைப் பெரியவர், "ஏம்ப்பா, அந்தம்மாவ ஊரு சுத்த விடாத, எறக்கி விடு" என்றார். இறங்கினேன்.

சுகந்தி எனக்கு இன்னொருவர் போன் எண்ணும் கொடுத்திருந்தாள். ஜமால் பாய். சேலம் டவுனில் பம்புசெட்டும் மருந்து தெளிக்கும் இயந்திரங்களும் விற்கிற கடைக்காரர். பழனிவேல் ஊர் திரும்பிய பிறகு அவனுடைய ட்ரோன்களுக்கு பேட்டரியும் இறக்கையும் வாங்கித் தந்தவர், கடைசி வரை கூட இருந்தவர். கூப்பிட்டதும், "அங்கேயே நில்லுங்கம்மா" என்றார். அரைமணி நேரத்தில் ஒரு 'குட்டியானை' சரக்கு வண்டியில் வந்தார். அறுபதை நெருங்கும் வயது, வெள்ளைத் தாடி. முன் இருக்கையிலிருந்த குழாய்ச் சுருளைப் பின்னால் போட்டுவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

வந்த வழியே திரும்பி, நகரத்தைத் தாண்டி நாமக்கல் சாலையில் ஏறினோம். லாரிகள், லாரிகள், நடுவே போர் போடுகிற ரிக் வண்டிகள். நெதர்லாந்தில் சாலைக்குப் பக்கத்தில் வாய்க்கால் ஓடும், வாத்துகள் சாலையைக் கடக்கும்போது கார்கள் நிற்கும். இங்கே பாய் ஒரு பக்கம் ஹாரனை அழுத்திக்கொண்டே மறுபக்கம் என்னிடம் பேசினார்.

"வெளிநாட்டுல படிச்ச தம்பி, என் கடை வாசல்ல வந்து உக்காந்து, பாய், குச்சிக்கெழங்குக்கு மருந்தடிக்க நாலு ட்ரோன் ஒண்ணாப் பறக்கணும், ரிமோட்டும் கூடாது, விவசாயி வரப்புல நடந்தா அதுவும் கூடவே வரணும்னாரு. நான் சிரிச்சேன்மா. ஒரு வருசத்துல பறக்க வெச்சிட்டாரு."

மரவள்ளியைத்தான் இங்கே குச்சிக்கிழங்கு என்கிறார்கள். பழனிவேல் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். பல ட்ரோன்கள் ஓர் அணியாகப் பறக்க வேண்டுமென்றால், தரையிலிருந்து ஒரு கணினி எல்லாவற்றுக்கும் கட்டளை கொடுக்கலாம். அந்தக் கணினி நின்றால் எல்லாம் விழும். எங்கள் ஆய்வு வேறு வழி. அணிக்குத் தலைவன் இல்லை. ஒவ்வொன்றும் பக்கத்தில் இருக்கிறவற்றை மட்டும் பார்த்து, அவற்றிடமிருந்து தனக்குச் சொன்ன தூரத்தில் நிற்க முயலும். எல்லாம் தத்தம் தூரத்தைக் காத்தால் அணி தானாக அமைந்துவிடும். ஒரே ஒரு தொல்லை. பலமான காற்றடித்தால் ஒரு ட்ரோன் மற்றவற்றின் மறுபக்கத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். அங்கேயும் தூரங்கள் எல்லாம் கணக்குப்படி சரியாக இருக்கும். அதனால் தப்பான பக்கத்தில் நிற்கிறோம் என்பதே அதற்குத் தெரியாது. ஒரு சாலுக்கு, அதாவது ஒரு செடிவரிசைக்கு, இரண்டு முறை மருந்து விழும், பக்கத்துச் சால் காய்ந்து கிடக்கும்.

நாங்கள் எல்லோரும் பெரிய கணிதங்களில் முட்டிக்கொண்டிருந்தபோது பழனிவேல், "தூரத்தெ மட்டும் பாத்தா எப்பிடி? பக்கத்துல இருக்கறவன் சோத்தாங்கைப் பக்கமா பீச்சாங்கைப் பக்கமான்னு பாக்கோணும்ல?" என்றான். வலது, இடது. அதைக் குறைந்த கணக்கில் செய்துகாட்டினான். கணினி நிரலில் அந்த இரண்டுக்கும் ஆங்கில எழுத்தில் 'சோத்து', 'பீச்சா' என்றே பெயர் வைத்தான். இன்றும் எங்கள் நிறுவனத்து நிரலில் அந்தப் பெயர்கள் இருக்கின்றன. டச்சுக்காரர்கள் தினமும் அவற்றைத் தங்கள் வாய்க்கு வந்தபடி உச்சரிக்கிறார்கள். அவற்றின் பொருள் அந்தக் கட்டடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

வெண்ணந்தூர் வருவதற்கு முன்பே தறிச்சத்தம் வந்துவிட்டது. தெருவுக்குத் தெரு விசைத்தறி. பழனிவேலின் வீடு ஊருக்குச் சற்று வெளியே, தோட்டத்துக்குள் இருந்தது. சுகந்தி ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். எனக்காக விடுப்பு எடுத்திருந்தாள். அவளுடைய மாமனார், பழனிவேலின் அப்பா, கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்து நின்று, "வாங்க அம்மிணி, வாங்க பாய்" என்றார். தூத்துக்குடியில் என் அப்பா வயதுக்காரர் என்னை 'வா' என்றுதான் சொல்வார். இங்கே அந்த 'ங்க' என்னை இன்னும் கொஞ்சம் குற்றவாளியாக்கியது.

அரிசியும் பருப்பும் சாதம், மேலே நெய், தொட்டுக்கொள்ள கத்தரிக்காய், பிறகு கெட்டித் தயிர். சுகந்தி போட்டுக்கொண்டே இருந்தாள். "அவருக்கு இது இருந்தா வேற எதும் வேண்டாமுங்க. அங்கெயும் ஆக்குவாருங்களா?" என்றாள். ஆக்குவான். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் கூப்பிடுவான். "ஆமா" என்று மட்டும் சொன்னேன்.

சாப்பிட்ட பிறகு பெரியவர், "தோட்டத்தெப் பாக்கறீங்களா அம்மிணி?" என்றார். பாய் கட்டிலில் சாய்ந்துவிட்டார். நாங்கள் இருவரும் வரப்பில் நடந்தோம். இரண்டு பக்கமும் குச்சிக்கிழங்குச் செடி இடுப்பளவு நின்றது. வயல் முடிகிற இடத்தில் பெரிய சதுரக் கிணறு. பாறையைக் குடைந்து வெட்டியது. சுற்றுச்சுவர் கிடையாது. எட்டிப் பார்த்தேன். அடியில் தண்ணீர் இல்லை, பாறைதான்.

"இங்கதானுங்க" என்றார்.

பழனிவேல் கிணற்றில் விழுந்து இறந்தான் என்று மட்டும் எனக்குத் தெரியும். எப்படி என்று அப்போதுதான் கேட்டேன். சித்திரை மாதம், காலை நேரம். இடுப்பில் தீப்பெட்டி அளவு ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு வரப்பில் நடந்து சோதித்திருக்கிறான். அந்தப் பெட்டி எங்கே போகிறதோ, அதைச் சுற்றியே நான்கு ட்ரோன்களும் அணியாக வரும். அணி கலையாமல் வருகிறதா என்று மேலே பார்த்துக்கொண்டே பின்னோக்கி நடந்தவன், பின்னால் கிணறு இருந்ததை மறந்துவிட்டான்.

"நானு அக்கட்ட மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தனுங்க," என்று கையை நீட்டினார். "நிமுந்து பாத்தா நாலும் கெணத்துக்கு மேல நாலு பக்கமும் நின்னுட்டு இருந்துச்சுங்க. ஆடாம அசையாம, கோலத்துப் புள்ளி கணக்கா. செரி, பையன் கீள நின்னு என்னமோ பாத்துட்டு இருக்கறான்னு நெனச்சுப்போட்டனுங்க. மாட்டெக் கட்டுனேன். டீத்தண்ணி குடிச்சேன். மறுக்கா பாத்தேன், அப்பவும் நாலும் ஒளுங்கா நிக்குது. ஒன்னு தாறுமாறாப் போயிருந்தாக்கூட ஓடியாந்திருப்பனுங்க. பொறவு பேட்டரி தீந்து ஒன்னொன்னா எறங்குச்சு. எறங்குனதெ எடுக்க ஆளு வரலியேன்னுதா வந்து பாத்தேன்."

தறிச்சத்தம் இங்கேயும் மெலிதாகக் கேட்டது. அவர் கிணற்றைப் பார்க்கவில்லை, அதற்கு மேலே இருந்த வெறும் வானத்தைப் பார்த்தார்.

"நீங்க அதெப் படிச்சவுங்க. ஆளு இல்லாம அதுக அப்பிடி நிக்குமுங்களா?"

"நிக்கும் ஐயா. அவன் அப்படித்தான் செஞ்சு வச்சிருந்தான்."

"டாக்டரு மண்டெ அடிபட்டு ஒடனே போயிருப்பாருன்னாருங்க. ஊர்ல எல்லாரும் அதெயேதா சொல்றாங்க. எல்லாம் எனக்காவச் சொல்றாப்பலயே இருக்குது. அவன் கீள கெடந்து கையெக் காலெ அசைச்சிருப்பானோ, அப்பாவெத் தேடியிருப்பானோ. நானு டீ குடிச்சுட்டு இருந்தனுங்களே." பிறகு மெதுவாகக் கேட்டார். "அதுக மேல இருந்து பாத்துட்டுத்தான இருந்துச்சு? அதுல எதாச்சும் தெரியுமுங்களா?"

தெரியலாம். ஒவ்வொரு ட்ரோனும் தான் கண்டதையெல்லாம் ஒரு சிறிய நினைவக அட்டையில் நொடிக்கு ஒரு வரியாக எழுதி வைத்திருக்கும். அந்த அட்டைகள் பாயிடம் இருந்தன. சேலத்தில் இரண்டு கடைகளில் காட்டிப் பார்த்திருக்கிறார், வெறும் எண்களாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த எழுத்துமுறையை அமைத்தவர்கள் பழனிவேலும் நானும்.

வீட்டுக்குத் திரும்பியதும் சுகந்தி ஒரு பேனாவோடு வந்து உட்கார்ந்தாள். "ஏதோ கையெழுத்துன்னீங்களே அக்கா, எங்கெ போடோணும்?" படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். படித்துப் பார்க்காமல் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். பெயரின் முதல் எழுத்தை எழுதத் தொடங்கியபோது நான் காகிதத்தின் மேல் கையை வைத்தேன்.

"போடாதே. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். அந்த வலது இடது யோசனை பழனிவேலுடையது. அவன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று படிப்பை விட்டு ஊருக்குக் கிளம்பிய மாதத்தில்தான் நாங்கள் கட்டுரையை எழுதி முடித்தோம். எழுதியது நான். போனவர் பெயர் வேண்டுமா என்று பேராசிரியர் கேட்டார். இந்தப் பகுதி யாருடையது என்றும் கேட்டார். "எல்லோரும் பேசிப் பேசி வந்தது" என்று சொன்னேன். பழனிவேலின் பெயர் இல்லாமல் கட்டுரை வெளிவந்தது. அந்தக் கட்டுரையால்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வரி எழுதினான்: 'படித்தேன், நன்றாக வந்திருக்கிறது.' நான் பதில் போடவில்லை. இப்போது நிறுவனத்து வக்கீல்கள் பழைய நிரலைத் தோண்டியபோது அவன் பெயர் அகப்பட்டிருக்கிறது. பின்னால் சிக்கல் வரக் கூடாதென்று, 'உதவியவர்' என்று ஒரு மூலையில் அவனைப் போட்டுக் கையெழுத்து வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

 பாய் எழுந்து உட்கார்ந்திருந்தார். பெரியவர் கட்டிலின் கயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

சுகந்தி பேனாவை மூடினாள். "அந்த லேப்ல இருந்த எல்லாத்தப் பத்தியும் சொல்லுவாருங்க. ஒரு சைனாக்காரரு நம்ம எலுமிச்சங்கா ஊறுகாயெ நூடுல்ஸ்ல போட்டுத் திம்பாராமா. ஒரு வெள்ளைக்காரம்மா மழையில சைக்கிள்ல வந்து ஈரச் சாக்ஸெ ஹீட்டர் மேல காயப்போடுமாமா. எல்லாத்துப் பேரும் எனக்குத் தெரியுங்க. உங்க பேரெ மட்டும் சொன்னதே இல்லீங்க. நேத்து போன்ல கூட்டாளின்னு சொன்னப்ப, நமக்குத்தா மறந்துபோச்சாட்டமிருக்குதுன்னு நெனச்சேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். படிவத்தை மடித்து உறைக்குள் போட்டு என் பக்கம் நகர்த்தினாள்.

"இப்ப எங்கிட்டச் சொன்னதெ அங்கெ சொல்லுங்க. அப்பறம் அனுப்புங்க. பாக்கலாம்."

கிளம்பும்போது பெரியவர், "பாய், அந்த அட்டைக இருக்கற டப்பாவெ இந்த அம்மிணிகிட்டக் குடுங்க" என்றார். பாய் தயங்கி என்னைப் பார்த்தார். "குடுங்க. வேற ஆரு நமக்குப் படிச்சுச் சொல்லுவா" என்றார் பெரியவர்.

பாயின் வண்டியில் கிளம்பினோம். ஊரைத் தாண்டும்போது ஒரு கடையில் நிறுத்தி அவல் பூந்திப் பொட்டலம் ஒன்று வாங்கி என் மடியில் வைத்தார். "இங்க வந்தவங்க இதை வாங்காமப் போக மாட்டாங்க" என்றார். பிறகு, "நீங்க சொல்லாமயே கையெழுத்து வாங்கிட்டுப் போயிருக்கலாம். எங்களுக்கு யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றார். பாராட்டா குறையா என்று அவர் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

பொழுது சாய்வதற்குள் ஃபேர்லேண்ட்ஸ் அறையில் உட்கார்ந்து முதலில் கடிதங்களை எழுதினேன். நிறுவனத்துக்கு ஒன்று, கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு ஒன்று. எளிதாகத்தான் இருந்தது, இரண்டு பக்கம்கூட வரவில்லை. இவ்வளவு ஆண்டுகள் இதற்கா தேவைப்பட்டன என்று தோன்றியது. அதன் விளைவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சில மாதங்கள் கழித்துப் பழனிவேலின் பெயரை முதலில் வைத்துப் புதிய விண்ணப்பம் தயாரானது. சுகந்தி அதை ராசிபுரத்தில் ஒரு வக்கீலிடம் காட்டி, ஒவ்வொரு பக்கமும் படித்து, கையெழுத்திட்டு அனுப்பினாள். கட்டுரைக்குத் திருத்தம் வந்தது. நான் இப்போது அங்கே வேலையில் இல்லை.

கடிதங்களை அனுப்பிய பிறகு டப்பாவைத் திறந்தேன். நான்கு அட்டைகள், ஒவ்வொன்றிலும் பழனிவேலின் கையெழுத்தில் ஓர் எண். மடிக்கணினியில் போட்டதும் வரிசை வரிசையாக எண்கள் இறங்கின. ஒரு நெடுவரிசைக்கு 'அசைவு' என்று பெயர். இடுப்புப் பெட்டி எவ்வளவு ஆடியது என்று சொல்வது அது. காலை ஒன்பது நாற்பத்திரண்டு வரை நடக்கிறவனின் அசைவு, மூன்று, நான்கு, மூன்று. பிறகு ஒரு நொடியில் மிகப் பெரிய எண். அடுத்த நொடியிலிருந்து சுழி, வெறும் சைபர். கிணற்றுக்கு மேலேயே சுற்றி நின்றதால் நான்கு ட்ரோன்களுக்கும் பெட்டியின் செய்தி தெளிவாகவே வந்திருக்கிறது. நான்கு அட்டைகளிலும் ஒரே மாதிரி. பதினான்கு நிமிடங்களுக்கும் சுழி. அவன் கைகால் அசைத்திருந்தால் பெட்டி காட்டிக்கொடுத்திருக்கும். மூச்சைப் பற்றி அந்தப் பெட்டிக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவன் அசையவில்லை. அப்பாவைத் தேடவில்லை. அறையில் தனியாக உட்கார்ந்து முதல் முறையாக அவனுக்காக அழுதேன்.

மூன்றாம் நாள் சரியான பேருந்தில் ஏறினேன். இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு, பலகையையும் படித்துவிட்டு. முன் இருக்கையில் இரண்டு பெண்கள் ஒரு கல்யாணப் பந்தியைப் பதார்த்தம் பதார்த்தமாக அலசிக்கொண்டு வந்தார்கள். "ரசம் நெம்ப நல்லா இருந்துச்சு, ஆனா எனக்குத்தா ஊத்துல" என்றாள் ஒருத்தி. வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

பெரியவர் வாசலிலேயே இருந்தார். சுகந்தி பள்ளிக்கு மறுபடியும் விடுப்புச் சொல்லியிருந்தாள். நான் உட்காராமலேயே சொன்னேன். "ஐயா, விழுந்ததுக்கு அப்புறம் அவன் அசையவே இல்லை. ஒரு தடவைகூட. நாலு அட்டையிலயும் அப்படித்தான் இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில்.

"நீங்க நல்ல மனசுல சொல்றீங்க அம்மிணி. ஆனா பாருங்க, அன்னைக்கு உங்க வாத்தியாரு கேட்டப்ப ஒன்னெ மறெச்சுட்டீங்க. நேத்து வந்து அதெச் சொன்னீங்க. இன்னைக்கு இதெச் சொல்றீங்க. நானு எதெ எப்பிடி எடுத்துக்கறதுங்க?"

 சத்தியம் செய்யலாம். என் சத்தியத்துக்கு அந்த வீட்டில் என்ன மதிப்பு?

சுகந்தி எழுந்து வந்து என் மடிக்கணினியை வாங்கிக்கொண்டாள். "எந்தக் கட்டம் எதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். நேரம் எது, அசைவு எது, ட்ரோனின் உயரம் எது என்று காட்டினேன். கணக்கு டீச்சர், ஒரு முறை சொன்னதும் பிடித்துக்கொண்டாள். "நீங்க சித்த அக்கட்ட உக்காருங்க" என்றாள். நான் எட்டிப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தேன்.

மாமனார் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் அமர்ந்து அவள் படிக்கத் தொடங்கினாள். "ஒம்பது நாப்பத்திரண்டு. மூணு. நாலு. மூணு."  அந்தப் பெரிய எண்ணைப் படித்தாள். பிறகு, "சைபர். சைபர். சைபர்."

நொடிக்கு ஒரு வரி. அவள் விடாமல் படித்தாள். நிமிடம் மாறும்போது மட்டும் நேரத்தைச் சொன்னாள். பெரியவர் குனிந்து, துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் கேட்டார். இருநூறோ முந்நூறோ தாண்டியபோது அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள்.

"இன்னும் இருக்குதா சாமி?"

"இருக்குதுங்க மாமா."

"படி."

தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் படித்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, கட்டி, டீ குடித்து முடிக்கிற நேரம் முழுவதும் அவள் குரலில் சைபராகவே போனது. ஒன்பது ஐம்பத்தாறில் ஒரு ட்ரோனின் உயரம் குறையத் தொடங்கியது. அதையும் படித்தாள்.

பெரியவர் நிமிர்ந்தார். "அது எத்தனாவது?"

"மூணாவதுங்க மாமா."

"எங்கெ எறங்குச்சுன்னு இருக்குதா?"

அவள் கட்டங்களில் தேடினாள். "பொட்டியிலிருந்து பதினோரு மீட்டரு, வடக்கால."

"அப்பறம்?"

"ஒன்னாவது. அது தெக்கால. கடைசியா ரெண்டும் நாலும் ஒரே நிமிசத்துல."

அவர் என் பக்கம் திரும்பினார். "மொதல்ல வடக்கால கெழங்குக்காட்டுக்குள்ள எறங்குச்சுங்க. பொறவு தெக்கால வரப்பு மேல. கடைசி ரெண்டும் ஒன்னா. நானு இதெ ஆருகிட்டயும் சொன்னதில்லீங்க. போலீசுகிட்டக்கூடச் சொல்லுல."

தலையை ஆட்டிக்கொண்டார். இரண்டு மூன்று தடவை ஆட்டினார்.

"அப்ப அவன் அசையலியா சாமி?"

"அசையலீங்க மாமா."

அவர் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். சுகந்தி மடிக்கணினியை மூடிவிட்டு, அவர் காலடியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.